அலகு எந்தப் பக்கம் ஆடுகிறது?

என் வலது ஆள்காட்டி விரலில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. அதை உண்டாக்கிய மடக்குக் கத்தியில் அன்றைக்கு இம்மியளவு ஆட்டமும் இல்லை. ஆட்டம் இருக்கவே கூடாது என்ற வீம்பில், அலகு சுழலும் அச்சின் திருகை அவ்வளவு இறுக்கி வைத்திருந்தேன். தடித்த அட்டைப் பெட்டி ஒன்றில் செருகிய அலகு மாட்டிக்கொண்டது. அதை ஆட்டி ஆட்டி வெளியே இழுத்தபோது விசை அலகின் முதுகில் விழுந்தது. பூட்டு நழுவியது, அலகு மடங்கி விரலில் இறங்கியது. மூன்று தையல்.

காயம் ஆறுவதற்குள்ளாகவே கத்தியை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். காரணம் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. அச்சு இறுகிப்போனதால், கட்டைவிரலால் தள்ளித் திறந்த அலகு கடைசி ஓர் இழைத் தூரம் போகாமலேயே நின்றுவிட்டது. திறக்கும் அலகை நிறுத்தும் தடுப்பு ஊசியில் போய் மோதவில்லை. பக்கவாட்டிலிருந்து வந்து அலகின் அடியைத் தாங்க வேண்டிய பூட்டுத் தகடு, அதன் விளிம்பை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றது. ஆட்டத்தைப் போக்குவதாக நினைத்துப் பூட்டைப் பலவீனப்படுத்தியிருந்தேன். அதற்குப் பிறகுதான் மடக்குக் கத்தியின் அச்சைப் பற்றி ஒழுங்காகக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன்.

முதலில் தெரிந்துகொண்டது, ஆட்டம் என்பது ஒரே நோய் இல்லை என்பது. கத்தியைத் திறந்து கைப்பிடியை இடது கையில் பிடித்துக்கொண்டு, அலகின் நுனிப் பக்கத்தை வலது கையால் இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அது பக்கவாட்டு ஆட்டம். அடுத்து, திறக்கும் திசையிலும் மடக்கும் திசையிலும், அதாவது மேலும் கீழுமாக மெதுவாக அழுத்திப் பாருங்கள். அப்போது 'டிக்' என்று ஒரு சிறு தட்டல் விரலில் படுமானால் அது மேல்கீழ் ஆட்டம். சோதிக்கும் முன் கூர்மையின் மீது காகித நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள். கைப்பிடியைப் பிடித்த விரல்கள் அலகு மடங்கும் பாதையில் இருக்கக் கூடாது. என் தழும்பு இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பக்கவாட்டு ஆட்டத்துக்கு வேர் அச்சில் இருக்கிறது. மேல்கீழ் ஆட்டத்துக்கு வேர் பெரும்பாலும் பூட்டிலோ தடுப்பு ஊசியிலோ இருக்கிறது. முதல் வகைக்கான மருந்தை இரண்டாவதற்குக் கொடுத்தால் நோய் போகாது, கத்திதான் கெடும்.

பக்கவாட்டு ஆட்டத்தை விளங்கிக்கொள்ள எனக்கு உதவியது ஒரு சின்னக் கணக்கு. அச்சிலிருந்து நுனிவரை 80 மில்லிமீட்டர் நீளமுள்ள அலகு, அதன் இருபுறமும் அச்சைச் சுற்றி 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள வாஷர்கள், அதாவது நடுவில் துளையுள்ள மெல்லிய வட்டத் தகடுகள், என்று வைத்துக்கொள்வோம். வாஷர்களுக்கும் அலகுக்கும் இடையே மொத்தமாக 0.02 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப்போனால், நுனியில் அது எட்டு மடங்காகி 0.16 மில்லிமீட்டர் அசைவாகத் தெரியும். தலைமுடியைவிடத் தடிமன் குறைந்த ஓர் இடைவெளி நுனியில் விரலுக்குத் தட்டுப்படுவது இதனால்தான். இப்போது வாஷர்களை மறந்துவிட்டு, அச்சாக நிற்கும் ஆணி மட்டுமே அலகைத் தாங்குவதாக நினைத்துப் பாருங்கள். அலகின் தடிமன் 3 மில்லிமீட்டர். துளைக்கும் ஆணிக்கும் இடையே அதே 0.02 இடைவெளி இருந்தால் நுனியில் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடும். ஆகவே, அலகைப் பக்கவாட்டில் நிமிர்ந்து நிற்க வைப்பது நடுவில் இருக்கும் ஆணியைக் காட்டிலும் அதைச் சுற்றியுள்ள தட்டையான முகங்கள்தான். வாஷர் அகலமாக, சமமாக, வழுவழுப்பாக இருந்தால் கத்தி உறுதியாக நிற்கும். பார்வைக்கு ஆணி எவ்வளவு பருமனாக இருந்தாலும் வாஷர் குறுகலாக இருந்தால் நான் அந்தக் கத்தியை நம்புவதில்லை.

விரலை வெட்டிய அந்தக் கத்தியில் இருந்தவை டெஃப்லான் வாஷர்கள். டெஃப்லானுக்கு வழுக்கும் குணம் அபாரம். ஆனால் தொடர்ந்து அழுத்தம் கொடுத்தால் அது குளிர்ந்த நிலையிலேயே மெல்ல நசுங்கிப் பரவும். எனக்கு நடந்தது இதுதான்: ஆடுகிறதே என்று இறுக்கினேன். சில வாரங்களில் வாஷர் நசுங்கி மெலிந்தது. மறுபடி ஆடியது, மறுபடி இறுக்கினேன். கடைசியில் கழற்றிப் பார்த்தபோது வாஷரின் விளிம்பு வெளியே பிதுங்கி, காகிதம்போல ஒருபுறம் கிழிந்திருந்தது. நான் தீர்த்துக்கொண்டிருப்பதாக நினைத்த ஆட்டத்தை நானேதான் உண்டாக்கிக்கொண்டிருந்தேன்.

அதே அளவில் பாஸ்பர் வெண்கல வாஷர்கள் கிடைத்தன. போடும் முன் அவற்றைக் கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டிய 2000 எண் உப்புத்தாளில், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, எட்டு வடிவத்தில் தேய்த்தேன். முதல் பத்துத் தேய்ப்பில் வாஷரின் ஒரு பாதி மட்டும் பளபளத்தது. மறு பாதி மங்கலாகவே இருந்தது. அதாவது, கடையிலிருந்து வந்த வாஷரே சமமாக இல்லை. இரு பாதியும் ஒரே நிறத்துக்கு வரும்வரை தேய்த்து, துடைத்து, பூட்டினேன். முதல் வாரம் கொஞ்சம் கரகரத்தது. தினமும் திறந்து மூடியதில் வெண்கலம் படிந்து, பிறகு எண்ணெயில் மிதப்பதைப்போலத் திறந்தது. வெண்கல வாஷருக்குப் பொறுமை வேண்டும், அந்தப் பொறுமைக்கு அது நன்றாகவே பதில் செய்யும்.

அச்சைப் பல விதமாகக் கட்டுகிறார்கள். மிகப் பழையது தறையாணி. துளை வழியே ஓர் ஆணியைச் செருகி, இரு முனைகளையும் சுத்தியால் தட்டிப் பரப்பிவிடுவது. பிரான்சின் சவோய் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கிய ஒப்பினெல் கத்தி இன்றும் இப்படித்தான் இருக்கிறது. அதில் வாஷர் கிடையாது, திருகு கிடையாது. மரக் கைப்பிடி, உலோக வளையம், ஓர் ஆணி. 1955இல் அதில் ஒரு சுழலும் பூட்டு வளையம் சேர்ந்தது. மரம் ஈரம் குடித்துப் பருத்தால் அலகு இறுகும், காய்ந்தால் தளரும். அந்தக் கத்தியை வைத்திருப்பவர் பருவநிலையோடு சேர்ந்து வாழப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். இறுகிப்போனால் கைப்பிடியின் அடியை மேசையில் ஒரு தட்டு தட்டினால் அலகு தலை நீட்டும்.

தறையாணிக் கத்தி தளர்ந்தால் திருப்புளிக்கு வேலை இல்லை. என் அப்பா பயன்படுத்திய எலும்புக் கைப்பிடிக் கத்தி அப்படித் தளர்ந்திருந்தது. எஃகுக் கட்டையின் மேல் ஆணியின் ஒரு முனையைச் சரியாகப் பதிய வைத்து, மறு முனையைச் சிறிய உருண்டைத் தலைச் சுத்தியால் தட்ட வேண்டும். ஆணியின் நடுவில் தட்டாமல் விளிம்பைச் சுற்றித் தட்டினால்தான் தலை வெளிப்புறமாகப் பரவும். அலகுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே குளிர்பான டின்னிலிருந்து வெட்டிய மெல்லிய தகட்டுத் துண்டைச் செருகிவைத்தேன். அளவுக்கு மீறி இறுகாமல் காப்பது அதுதான். நான்கு தட்டு, ஒரு சோதனை, மறுபடி நான்கு தட்டு. ஒன்பதாவது சுற்றில் சுத்தி ஒரு மயிரிழை விலகி எலும்பில் பட்டது. ஆணியிலிருந்து கைப்பிடி விளிம்புவரை ஒரு நுண்ணிய கீறல் விழுந்துவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அத்துடன் நிறுத்தினேன். நுனியில் இன்னும் கொஞ்சம் ஆட்டம் மிச்சமிருக்கிறது, இருக்கட்டும். எலும்பு, கொம்பு, முத்துச்சிப்பி ஆகியவற்றால் ஆன கைப்பிடியுள்ள பழைய கத்திகளைத் தேர்ந்த கைகளிடம் கொடுப்பதே மேல் என்று இப்போது யாரிடமும் சொல்வேன்.

திருகு அச்சு வந்த பிறகு நமக்கு வசதியும் வந்தது, வம்பும் வந்தது. உள்ளே மரையிட்ட ஒரு குழல், அதற்குள் ஏறும் ஒரு திருகு. கவனமாகச் செய்த கத்திகளில் அந்தக் குழலின் ஒரு பக்கத்தைத் தட்டையாக வெட்டியிருப்பார்கள், கைப்பிடித் துளையும் அதற்கேற்ற வடிவில் இருக்கும். அதனால் குழல் தானாகச் சுழலாது. அப்படி வெட்டாத உருண்டைக் குழலாக இருந்தால், ஒவ்வொரு முறை அலகைத் திறக்கும்போதும் குழலும் இம்மி இம்மியாகச் சுழன்று திருகைத் தளர்த்திக்கொண்டே இருக்கும். "எத்தனை முறை இறுக்கினாலும் இரண்டு நாளில் ஆடுகிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இறுக்கும்போது மறுபக்கத் தலையும் கூடவே சுழல்கிறதா?

இறுக்கும் அளவைப் பற்றி ஒன்று. முழுச் சுற்றில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் நான் திருப்புவதில்லை. திருகின் தலையில் ஒரு புள்ளி, அதை ஒட்டிக் கைப்பிடியில் ஒரு புள்ளி என்று மையால் வைத்துவிடுகிறேன். எவ்வளவு திருப்பினேன், திருகு தானாகத் தளர்ந்ததா என்ற இரண்டும் அந்த மைப்புள்ளியிலேயே தெரிந்துவிடும். அலகு தன் எடையிலேயே தொப்பென்று விழ வேண்டும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். அந்த அழகுக்காக அச்சைத் தளர்த்தினால் நுனி ஆடத்தான் செய்யும். கட்டைவிரலின் லேசான தள்ளலில் தடங்கலின்றித் திறந்து, தடுப்பு ஊசியில் தெளிவாக மோதி, பூட்டு முழுதாக உள்ளே வருகிறது என்றால் எனக்கு அது போதும். ஒவ்வொரு முறை இறுக்கிய பிறகும், மெதுவாகத் திறந்தாலும் பூட்டு முழுதாக வருகிறதா என்று கண்ணால் பார்க்கிறேன். வேகமாகச் சுண்டித் திறக்கும்போது வந்துவிடும் பூட்டு, மெதுவாகத் திறக்கும்போது பாதியில் நிற்பதுண்டு. அன்றைக்கு அந்தப் பெட்டியை வெட்டப் போனபோது கத்தியை நான் மெதுவாகத்தான் திறந்தேன்.

திருகு நழுவாமலிருக்க மரைப் பசை உதவும். பலர் கைக்குக் கிடைத்ததைப் பூசிவிடுகிறார்கள். சிறிய திருகுகளுக்கு ஊதா நிற லாக்டைட் 222 போதும். அச்சுத் திருகுக்கு நீல நிற 243 பொருந்தும், கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருந்தாலும் அது பிடிக்கும். சிவப்பு நிறத்தை நான் தொடுவதே இல்லை. அதைப் பிரிக்கச் சூடு காட்ட வேண்டும், அதற்குள் திருகின் நட்சத்திரக் குழி மழுங்கிவிடும். இந்தப் பசை காற்றில்லாத இடத்தில், உலோகத்தைத் தொட்டுக்கொண்டு இறுகுவது. துருப்பிடிக்காத எஃகிலும் டைட்டானியத்திலும் தாமதமாக இறுகும், ஒரு நாள் முழுக்க விட்டுவைப்பது நல்லது. ஊசி முனையளவு மட்டும், திருகின் நுனி மரையில் வையுங்கள். அதிகமானால் பசை வழிந்து குழலுக்கும் அலகுக்கும் நடுவே புகுந்துவிடும். பிளாஸ்டிக் பாகங்கள் சிலவற்றை அது வெடிக்கச் செய்வதும் உண்டு. திருப்புளியிலும் கஞ்சத்தனம் வேண்டாம். நட்சத்திர முனைத் திருப்புளிகளின் டி6, டி8, டி10 என்ற அளவுகளில் எது குழிக்குள் துளியும் ஆடாமல் உட்காருகிறதோ அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

இந்த இறுக்குவதா தளர்த்துவதா என்ற தவிப்பையே இல்லாமல் செய்த ஒரு கட்டமைப்பு உண்டு. கத்தி செய்பவரான கிறிஸ் ரீவின் செபென்சா கத்தியில் அதை முதலில் கையில் எடுத்துப் பார்த்தேன். அச்சைச் சுற்றி ஒரு புஷ், அதாவது வளையம்போன்ற ஒரு சிறு குழல். அதன் நீளம், அலகின் தடிமனையும் இரு வாஷர்களின் தடிமனையும் கூட்டி வருவதைவிட மிக நுண்ணிய அளவு மட்டும் அதிகம். திருகை முழுமையாக இறுக்கினால் அழுத்தம் முழுவதையும் புஷ் தாங்கிக்கொள்ளும், அலகு அதன் மேல் சுதந்திரமாகச் சுழலும். இடைவெளியைத் தீர்மானிப்பது நம் மணிக்கட்டு இல்லை, புஷ்ஷைக் கடைந்தவரின் துல்லியம். செபென்சா என்றால் ஜூலு மொழியில் வேலை என்று பொருள். அந்தப் பெயருக்குத் தகுந்த வேலைப்பாடு அந்த ஒரு சிறு வளையத்திலேயே இருக்கிறது. வாஷர் தேய்ந்தால் அங்கேயும் ஆட்டம் வரும், அப்போது இறுக்கிச் சமாளிக்க முடியாது, வாஷரை மாற்றத்தான் வேண்டும். எனக்கு அந்தக் கண்டிப்பு பிடித்திருக்கிறது.

வாஷருக்குப் பதிலாகச் சிறு குண்டுகள் உருளும் பால் பேரிங் கத்திகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திறப்பதற்கு அவற்றைப்போலச் சுகம் எதிலும் இல்லை. வாஷர் தன் முழு முகத்தாலும் சுமையைத் தாங்குகிறது. பேரிங்கில் அத்தனையும் சில குண்டுகளின் புள்ளிகளில் விழுகிறது. வேறொருவர் பயன்படுத்திய டைட்டானியக் கத்தி ஒன்றை வாங்கினேன். திறக்கும்போது நடுவழியில் ஓரிடத்தில் ஒரு மெல்லிய தட்டல். கழற்றியபோது கைப்பிடியின் டைட்டானியத்திலேயே குண்டுகள் வட்டமாகத் தடம் பதித்திருந்தன. நகத்தால் வருடினால் பள்ளம் தெரிந்தது. ஆட்டத்தைப் போக்க யாரோ இறுக்கியிருக்கிறார்கள், குண்டுகள் மென்மையான உலோகத்தில் அமுங்கிவிட்டன. கடினப்படுத்திய எஃகு வளையங்களைப் பதித்து, குண்டுகளை அவற்றின் மேல் ஓடவிட்டிருந்தால் அந்தக் கத்தி இந்த நிலைக்கு வந்திருக்காது. இப்போது பேரிங் கத்தி வாங்குவதானால் அந்த வளையம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

மேல்கீழ் ஆட்டத்தோடு நான் பட்ட பாடு தனி. முதுகில் பூட்டுத் தண்டுள்ள கத்திகளில், கைப்பிடியை இறுகப் பிடித்து அலகை மேல்கீழாக அழுத்தினால் கொஞ்சம் அசைவது சகஜம். தண்டின் கொக்கி அலகின் பள்ளத்தில் எவ்வளவு நெருக்கமாக உட்காருகிறது என்பதைப் பொறுத்தது அது. அந்தப் பள்ளத்தில் துணிப் பிசிறும் காய்ந்த எண்ணெயும் சேர்ந்தால் கொக்கி முழுதாக இறங்காது. பல் குத்தும் குச்சியின் முனையால் சுரண்டி எடுத்ததிலேயே சரியான கத்திகளும் என்னிடம் உண்டு. பக்கத் தகட்டுப் பூட்டுள்ள கத்தி வேறு மாதிரி. அதில் அலகின் அடி சற்றுச் சாய்வாக இருக்கும், பூட்டுத் தகடு அதில் ஆப்புபோல் நுழையும். தேயத் தேயத் தகடு இன்னும் உள்ளே நகர்ந்து தேய்மானத்தை ஈடுகட்டிக்கொள்ளும். எனவே அந்த வகையில் 'டிக்' என்ற தட்டல் வந்தால் அதை நான் அலட்சியம் செய்வதில்லை. அந்தக் கத்தியால் அழுத்தி வெட்டும் வேலை எதையும், காரணம் தெரியும்வரை, செய்வதில்லை.

தினமும் கையில் இருக்கும் என் கத்திக்கு அந்தத் தட்டல் வந்தது. பக்கவாட்டில் அசைவே இல்லை, மேல்கீழாக மட்டும் 'டிக்'. கற்ற பாடமெல்லாம் இருந்தும், பழைய பழக்கம் விடவில்லை. எட்டில் ஒரு பங்கு இறுக்கினேன், தட்டல் போகவில்லை. திறப்பது கனத்தது, திரும்பத் தளர்த்தி மைப்புள்ளிகளை நேராக்கினேன். பூட்டுத் தகட்டின் முகத்தை மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்தேன். அலகின் அடியில் கறுத்த படலம் போயிற்று, தட்டல் போகவில்லை. பூட்டுமுகத்தை அரத்தால் தேய்க்கலாமா என்றுகூட யோசித்தேன். அங்கே ஒருமுறை உலோகத்தை எடுத்துவிட்டால் திரும்ப வைக்க வழியில்லை என்பதால் கையைக் கட்டிக்கொண்டேன்.

பிறகொரு மாலை, விளக்கை அருகில் இழுத்து, கத்தியைத் திறந்து, அலகை அழுத்திக்கொண்டே ஒவ்வொரு பாகமாகப் பார்த்தேன். அச்சு அசையவில்லை. பூட்டுத் தகடு அசையவில்லை. தடுப்பு ஊசி அசைந்தது. அழுத்தும்போது ஒருபுறம், விடும்போது மறுபுறம், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓர் இழை. அந்த ஊசியின் இரு முனைகளிலும் ஆளுக்கொரு சிறிய திருகு, டி6 அளவு, கைப்பிடிக்கு வெளியிலிருந்தே எட்டும் இடத்தில் இருந்தது. இத்தனை நாளும் அதை அலங்காரத் திருகு என்று நினைத்திருந்தேன். ஒன்று கால் சுற்றுத் தளர்ந்திருந்தது. இரண்டையும் வெளியே எடுத்து, எண்ணெயைத் துடைத்து, ஊதாப் பசையை ஊசி முனையளவு வைத்து இறுக்கினேன். மறுநாள் வரை தொடவில்லை.

மறுநாள் நாடா சுற்றி அழுத்திப் பார்த்தேன். மேலே, கீழே, இடம், வலம். தட்டல் இல்லை. திறப்பது முன்பைப்போலவே இலகுவாக இருந்தது, பூட்டு முழுதாக உள்ளே வந்து நின்றது. அச்சுத் திருகின் தலையில் நான் வைத்த மைப்புள்ளியும் கைப்பிடியில் வைத்த புள்ளியும் நேருக்கு நேராகவே இருந்தன.